வயிற்றெரிச்சலும் வயிற்றுக் கிருமியும்

நமது கடைத்தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய வியாபாரி ஒருவரைச் சந்தித்து, "உடம்பு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "மற்றதெல்லாம் சுகம்தான், இந்த வயிறுதான் கொஞ்சம் தொந்தரவு" என்பார். அவர் கல்லாப் பெட்டியின் இழுப்பறையைத் திறந்தால், ரசீதுப் புத்தகத்துக்கும் சாவிக் கொத்துக்கும் நடுவே நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை ஒன்று கிடக்கும். மேல் வயிற்றில் எரிச்சல், உண்டவுடன் உப்புசம், புளித்த ஏப்பம், வெறும் வயிற்றில் பிசைதல் ஆகிய இவற்றுக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர்கள் பல: வாயு, காற்று, கேஸ்டிரிக், அஜீரணம். காரணங்களும் நம்மிடம் தயாராகவே உள்ளன. விடியற்காலையில் கடை திறந்தோம், பகல் உணவு மாலை நான்கு மணிக்கு ஆயிற்று, குழம்பில் காரம் கூடிவிட்டது, சரக்கு வந்து சேரவில்லையே என்ற கவலை வேறு.

இக்காரணங்களை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை. நேரந்தவறிய உணவு வயிற்றைத் தொந்தரவு செய்யத்தான் செய்யும். ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாது தொடரும் வயிற்றுத் தொல்லைக்குப் பின்னால், பலரிடத்தில் ஒரு கிருமி குடியிருக்கிறது. குடற்புண்ணுக்கு முக்கியமான காரணம் அக்கிருமியே. சிலரிடத்தில், பல ஆண்டுகள் கழித்து, இரைப்பைப் புற்றுநோய்க்கும் அதுவே வழி திறந்து விடுகிறது. அதனைச் சோதனையால் கண்டுபிடிக்கலாம். இரண்டு வார மருந்தால் பெரும்பாலும் ஒழித்தும் விடலாம். அப்படியிருந்தும் நம்மவர்களில் பலர் அந்தச் சோதனையைப் பற்றிக் கேள்விப்படாமலே இழுப்பறை மாத்திரையோடு காலந்தள்ளி வருகிறோம். கடைக் கணக்கில் ஐந்து வெள்ளி இடித்தால் இரவெல்லாம் விழித்திருந்து தேடுகின்ற நாம், உடம்பின் கணக்கில் இவ்வளவு மெத்தனமாக இருப்பது தகாது. ஆகவே இம்முறை இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறோம்.

கிருமியைக் கண்டவர்கள்

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அதனுள் எந்தக் கிருமியும் நிலைத்து வாழ முடியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. குடற்புண் என்பது கவலையாலும் காரத்தாலும் அமிலத்தாலும் வருவது என்று புத்தகங்கள் கூறின. நோயாளிக்குப் பாலும் கஞ்சியும் கொடுத்து, கவலையை விடச் சொல்லி, அமிலத்தைத் தணிக்கும் மருந்தைத் தருவதே வைத்தியமாக இருந்தது. மருந்து நின்றால் புண் திரும்பி வரும். தாங்க முடியாத நிலை வந்தால் அறுவைச் சிகிச்சை செய்து இரைப்பையில் ஒரு பகுதியையே எடுத்துவிடுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்னும் நகரம் இருக்கிறது. அங்குள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற மருத்துவர், நோயாளிகளின் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சிறு தசைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையில் இருந்தார். 1979-ஆம் ஆண்டில், அழற்சி கண்டிருந்த துணுக்குகளின் மேல் வளைந்த வடிவுடைய கிருமிகள் ஒட்டிக் கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அழற்சி இருக்கும் இடத்தில் கிருமியும் இருந்தது. அழற்சி இல்லாத இடத்தில் பெரும்பாலும் கிருமியும் இல்லை. பின்னர் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். இருவரும் அக்கிருமியைத் தட்டில் வளர்க்கப் பலமுறை முயன்றும் கைகூடவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. வழக்கமாக இரண்டு நாளில் எறிந்துவிடும் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி. அதற்கு அவகாசம் கொடுக்காததே முன்பு செய்த பிழை.

ஆயினும் உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எனவே 1984-ஆம் ஆண்டில் மார்ஷல் தம் உடம்பையே சோதனைக் களமாக்கினார். கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது, முன்பு நலமாக இருந்த இரைப்பை அழற்சியுற்றிருந்தது. கிருமியும் அங்கே இருந்தது. பிறகு மருந்துண்டு குணமடைந்தார். 1989-ஆம் ஆண்டில் இக்கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் நிலைத்தது. 2005-ஆம் ஆண்டில் வாரனும் மார்ஷலும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்.

உள்ளே அது செய்யும் வேலை

கடும் அமிலத்தில் இக்கிருமி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். நம் உடம்பில் இயல்பாக உள்ள யூரியா என்னும் பொருளை உடைத்து, அது அம்மோனியாவை உண்டாக்கிக் கொள்கிறது. அம்மோனியா அமிலத்தை முறிக்கும். இவ்வாறு தன்னைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையத்தை அமைத்துக்கொண்டு, திருகாணி போன்ற உடலாலும் வால்களாலும் இரைப்பையின் சளிப்படலத்தைத் துளைத்து உட்சென்று தங்கிவிடுகிறது. மருந்திட்டு விரட்டினாலன்றி அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும்.

அது இருக்கும் வரையில் இரைப்பையின் உட்சுவர் ஓயாத அழற்சியில் இருக்கிறது. அநேகருக்கு இதனால் வெளிப்படையான தொந்தரவு எதுவும் தெரிவதில்லை. கிருமியுள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு வாழ்நாளில் குடற்புண் உண்டாகிறது. நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையில் இரைப்பைப் புற்றுநோய் காண்கிறது. ஆதலின் கிருமி இருக்கிறது என்றவுடன் புற்றுநோய் வந்துவிட்டது என்று கலங்குவது பெருந்தவறு. அதே சமயம், நூற்றில் ஒருவர் இருவர்தானே என்று அலட்சியம் செய்வதும் தவறே. பல்லாயிரம் பேர் வாழும் ஊரில் அந்த ஒருவரும் இருவரும் எத்தனை குடும்பங்களின் தலைவர்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

புற்றுநோய் ஒரே நாளில் வந்து விடுவதில்லை. கொலம்பியா நாட்டில் பிறந்த பெலாயோ கொர்ரெயா என்ற மருத்துவ அறிஞர் அது வரும் வழியைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார். முதற்படி நீடித்த அழற்சி. இரண்டாவது, அமிலமும் செரிமான நீரும் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து அழிதல். மூன்றாவது, இரைப்பைச் சுவர் தன் இயல்பை இழந்து குடலின் சுவரைப் போல் மாறுதல். நான்காவது, உயிரணுக்கள் ஒழுங்கு கெடுதல். அதற்கும் அப்பால் புற்றுநோய். இவ்வழியைக் கடக்கப் பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகின்றன. வட்டி ஏறும் கடனைப் போன்றது இது. தொடக்கத்தில் அடைத்தால் சிறு தொகையோடு போகும். பேரேட்டில் எழுதாமலே விட்டு வைத்தால் ஒருநாள் முதலையே விழுங்கிவிடும்.

இதில் நாம் மனத்தில் வைக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சுரப்பிகள் தேயத் தேய அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்தால் எரிச்சலும் குறையக்கூடும். முன்பு போல் எரிச்சல் இல்லை என்று மகிழ்கின்ற வேளையில் உள்ளே கேடு வளர்ந்து கொண்டிருக்கலாம். நோவு குறைந்தது நோய் குறைந்ததற்கு அடையாளமாகாது. அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையும் அப்படித்தான். அது நோவை அடக்கும், கிருமியை ஒழிக்காது.

புற்றுநோய்க்கு உள்ள தொடர்பு

1994-ஆம் ஆண்டில், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் அதே வகுப்பில் இருப்பது. பின்னர் 2001-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. வயிற்றுத் தொல்லையோடு வந்த 1,526 பேரைச் சராசரி எட்டு ஆண்டுக்குச் சற்றுக் குறையப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் கிருமியுள்ளவர் 1,246 பேர். கிருமியில்லாதவர் 280 பேர். கிருமியுள்ளவர்களில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டது. கிருமியில்லாதவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

கிருமியை ஒழித்தால் ஆபத்து குறையுமா என்பதே அடுத்த கேள்வி. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதியாக இருந்தது. அங்கே 2004-ஆம் ஆண்டு முதல் பெரியவர்களைச் சோதித்து, கிருமியுள்ளவர்களுக்கு மருந்து கொடுத்து வந்தார்கள். முன்பு நூற்றுக்கு அறுபத்து நான்கு பேரிடம் இருந்த கிருமி, 2018-க்குள் பதினைந்து பேராகக் குறைந்தது. புற்றுநோயும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2020-இல் கொரியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. தாய், தந்தை, உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்த 1,676 பேரை அதில் எடுத்துக் கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், கிருமிக்கு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 1.2 பேருக்கும், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 2.7 பேருக்கும் புற்றுநோய் வந்தது. ஜப்பான் அரசு 2013-ஆம் ஆண்டிலேயே, இக்கிருமியால் அழற்சி கண்டவர்களுக்கான மருந்துச் செலவைத் தேசியக் காப்புறுதியில் சேர்த்துவிட்டது.

நம் நாட்டின் கணக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். இக்கிருமி விஷயத்தில் மலேசியா உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்த நாடாகும். ஒரே மண்ணில், ஒரே நீரைக் குடித்து, ஒரே கடைத்தெருவில் வாழும் மூன்று இனத்தாரிடையே இக்கிருமியின் அளவு பெரிதும் வேறுபடுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோ கியன் லீயும் கிருமியியல் அறிஞர் பராசக்தியும் 2001-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்கள். இந்தியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கிருமி இருப்பது அதில் தெரிந்தது. மலாய்க்காரரிடையே அது மிகக் குறைவு. சீனரிடையே இடத்துக்கு இடம் மாறுபட்டது.

கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரரிடம் இக்கிருமி உலகிலேயே மிக அரிதாக இருப்பதை அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அங்கே இரைப்பைப் புற்றுநோயும் அரிது. கிருமி இல்லாத இடத்தில் அப்புற்றுநோயும் தலைகாட்டுவது அபூர்வம் என்பதற்கு நம் நாட்டிலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது.

இவ்வேறுபாட்டுக்கு அவ்வறிஞர்கள் கூறும் விளக்கம் கவனிக்கத்தக்கது. கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள், பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும் பிள்ளைக்கு ஒட்டுகிறது. நம் நாட்டில் இனங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தாலும் ஒரு வீட்டுக்குள் கலந்து வாழ்வது குறைவாக இருந்தது. ஆதலின் எந்தக் கூட்டத்தார் கிருமியோடு வந்தார்களோ அக்கூட்டத்தாரிடையே அது தலைமுறை தலைமுறையாக நின்றது. 2009-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி கிருமியின் மரபுக் கூறுகளையே எடுத்துப் பார்த்தது. மலேசியச் சீனரிடம் உள்ள கிருமி கிழக்காசிய வகை. இந்தியரிடமும் மலாய்க்காரரிடமும் உள்ளது இந்திய வகை. மலாய்க்காரர் இக்கிருமியை அண்மைக் காலத்தில் இந்தியரிடமிருந்து பெற்றிருக்க வேண்டும் என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இராமநாதபுரத்துக் கரையிலிருந்தும் நம் முன்னோர் துணி மூட்டையோடும் மளிகைச் சரக்கோடும் கப்பலேறி இத்துறைமுகத்தில் வந்திறங்கியபோது, சீட்டில் எழுதாத சரக்காக இதுவும் உடன் வந்திருக்கலாம். இது யாருடைய குற்றமுமன்று. மனிதர் போன இடமெல்லாம் இக்கிருமியும் போயிருக்கிறது.

இங்கே நம் சமூகத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சில ஏடுகளில் இந்தியர் என்றும், சில மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருப்பதை நாம் அறிவோம். ஒரே தாத்தாவின் பேரர்களிலேயே இருவிதமாகவும் உண்டு. மலாய்க்காரரிடம் இக்கிருமி குறைவு என்ற செய்தியைப் படித்து, அது நம்மைச் சேராது என்று யாரும் இருந்துவிடக் கூடாது. அடையாள அட்டையில் எழுதியிருப்பதைக் கிருமி படித்துப் பார்ப்பதில்லை. தாயும் பாட்டியும் எந்த வீட்டில், எந்த அடுக்களையில் பிள்ளை வளர்த்தார்கள் என்பதே கணக்கு. சோதனை இருக்கையில் ஊகம் எதற்கு?

"கிருமி நம்மிடம் அதிகம் என்கிறீர்களே, புற்றுநோய் சீனரிடம்தானே அதிகம்?" என்று கேட்கும் அன்பர்களும் உண்டு. உண்மைதான். நம் நாட்டுப் பதிவுகளில் இரைப்பைப் புற்றுநோய் சீனரிடையே முதலிடத்திலும், அடுத்து இந்தியரிடமும், மலாய்க்காரரிடம் மிகக் குறைவாகவும் காணப்படுகிறது. இந்தியாவில் கிருமி மிகப் பரவலாக இருந்தும், ஜப்பான் சீனா அளவுக்குப் புற்றுநோய் இல்லை. இதனை மருத்துவர்கள் ஒரு புதிராகவே பேசி வந்திருக்கிறார்கள். கிருமியின் வகை, உணவு, புகைப் பழக்கம், பரம்பரைக் கூறு ஆகியவை சேர்ந்தே ஒருவருடைய ஆபத்தை நிர்ணயிக்கின்றன. ஆனால் இதைக் கேட்டு நம்மவர் நிம்மதி அடைவதற்கில்லை. இந்தியாவுக்குள்ளேயே தென்பகுதியில் இந்நோய் கூடுதல். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்திவரும் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோய் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. நம் வேர் அந்த மண்ணில்தான் இருக்கிறது.

யார் சோதித்துக் கொள்ள வேண்டும்

முன்பு குடற்புண் வந்தவர்கள், இப்பொழுது உள்ளவர்கள், குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள், பல வாரங்களாக மேல் வயிற்றுத் தொல்லை தொடர்பவர்கள், மூட்டு வலிக்கோ இருதயத்துக்கோ ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நெடுங்காலம் உண்ண வேண்டியவர்கள் ஆகிய இவர்கள் மருத்துவரிடம் சென்று, "எனக்கு இக்கிருமிச் சோதனை செய்ய வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் புண் இருக்கும் என்று நாம் கூறவில்லை. கேட்காமல் இருப்பதற்குக் காரணமில்லை என்றே கூறுகிறோம்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று கண்டாலும் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும்: காரணமின்றி உடல் மெலிதல், விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி, இரத்த வாந்தி, தாரைப் போல் கறுத்த மலம், இரத்தக் குறைவால் வரும் சோர்வு, சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்துவிடுதல். ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொல்லையையும் இப்பட்டியலில் சேர்த்துக் கொள்ளுங்கள். இவர்களுக்கு மூச்சுச் சோதனை மட்டும் போதாது. வாய்வழியே விளக்குக் குழாய் விட்டு இரைப்பையை நேரில் பார்க்கும் சோதனை தேவைப்படும். எண்டோஸ்கோப்பி எனப்படும் இதனைக் கேட்டவுடன் பலர் அஞ்சுகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் காரியம் அது. அன்றே வீடு திரும்பலாம்.

மற்றவர்களுக்கு எளிய சோதனைகள் உண்டு. ஒன்று மூச்சுச் சோதனை. யூரியா கலந்த நீரைப் பருகச் செய்து, சற்று நேரம் கழித்து ஒரு பைக்குள் ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்த அடையாளம் மூச்சில் தெரிந்துவிடும். மற்றொன்று மலச் சோதனை. இரத்தச் சோதனையும் இருக்கிறது. ஆனால் கிருமி ஒழிந்த பின்னும் அதன் சுவடு இரத்தத்தில் நீடிப்பதால், இப்பொழுது கிருமி இருக்கிறதா என்பதை அது உறுதியாகக் காட்டாது. மூச்சுச் சோதனைக்கும் மலச் சோதனைக்கும் முன்னால், அமிலச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை இரண்டு வாரமும், நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை என்று சோதனை காட்டிவிடும். இழுப்பறை மாத்திரை வழக்கமுள்ளவர்கள் இதனை மறவாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேறு நோய்க்காக அம்மாத்திரையை உண்பவர்கள் அவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக் கூடாது.

மருந்தும் நோன்பும்

கிருமி இருப்பது தெரிந்தால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளில் இரண்டும் சேர்த்துத் தருவார்கள். சிலருக்கு பிஸ்மத் என்ற மருந்தும் சேரும். வழக்கமாகப் பதினான்கு நாட்கள். வாய் கசக்கலாம், குமட்டலும் வயிற்றுப்போக்கும் சிறிது வரலாம். பிஸ்மத் உண்போருக்கு மலம் கறுப்பது இயல்பு. பென்சிலின் ஒவ்வாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர்கள் அவற்றின் அட்டைகளை எடுத்துச் சென்று காட்ட வேண்டும். அவற்றுட் சில, கிளாரித்ரோமைசினோடு சேரக் கூடாதவை.

நம்மவர் செய்யும் பெரும்பிழை, நாலாம் நாள் எரிச்சல் நின்றதும் மருந்தையும் நிறுத்துவது. அரைகுறையாக அடிபட்ட கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகிவிடும். அடுத்த முறை அதே மருந்து பலிக்காது. மீந்த மாத்திரைகளைக் கடைத் தோழருக்குக் கொடுப்பதும் அதே வகைப் பிழை. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். ஐந்தொகை போடாமல் ஆண்டுக் கணக்கை முடிப்பாருண்டோ? இந்த இரண்டாம் சோதனையும் அது போன்றதே. முதல் முறையில் ஒழியாவிட்டால் வேறு மருந்துகள் உள்ளன.

ரமலான் மாதத்தில் என்ன செய்வது என்ற கேள்வி எழும். இம்மருந்துகளில் பல முறைகள் நாளுக்கு இரு வேளையாகவே அமைந்தவை. அவற்றை நோன்பு திறக்கும் வேளையிலும் சஹர் வேளையிலும் பொருத்திக் கொள்ள வழியுண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம். நான்கு வேளை மருந்தானால் பொருந்தாது. அவசரமில்லாத நிலையில் சிகிச்சையை ரமலானுக்கு முன்போ பின்போ வைத்துக் கொள்வதும் உண்டு. ஆனால் இரத்தக் கசிவோ கடும் புண்ணோ உள்ளவர் நோன்பைச் சாக்கிட்டு மருந்தைத் தள்ளக் கூடாது. நோயாளிக்குச் சலுகை தந்திருப்பது அவருக்காகவே. மருந்துக் கூடு எதனால் ஆனது என்ற ஐயமுள்ளவர்கள் மருந்து கொடுப்பவரிடம் கேட்டால், மாற்று இருந்தால் தருவார்.

அடுக்களையும் கடையும்

காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாயும் மசாலாவும் புண்ணுக்குக் காரணமல்ல. புண் உள்ளவருக்கு எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவே. நாசி கண்டார் குழம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிருமியைத் தப்பவிடக் கூடாது. ஆனால் உப்பின் மேல் உள்ள குற்றச்சாட்டு உண்மையானது. கருவாடு, உப்பில் ஊறிய ஊறுகாய் முதலியவற்றை மிகுதியாக உண்போருக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. நம்மில் பலர் கருவாட்டு வியாபாரிகளாயிற்றே என்று வருந்த வேண்டாம். கருவாடு தொட்டுக்கொள்ளும் அளவில் இருக்கட்டும் என்பதே செய்தி. புகைபிடித்தலும் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுவது உறுதியாகியிருக்கிறது. பீடியானாலும் சிகரெட்டானாலும் விடுவதே வழி. பழங்களும் காய்கறிகளும் தட்டில் கூடட்டும்.

சகனில் கூடி உண்பதை விட்டுவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வளர்ந்தவர்கள் இக்கிருமியைப் புதிதாகப் பெறுவது குறைவு. கையை நன்றாகக் கழுவி உட்கார்ந்தால் போதும். நம் பழக்கத்தை விட வேண்டியதில்லை. கவனம் வேண்டியது குழந்தைகளிடத்தில். உணவை மென்று பிள்ளையின் வாயில் ஊட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மலங்கழித்த பின்னும் சமைப்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். குழந்தை வாந்தியெடுத்தால் சுத்தம் செய்தவர் கையைக் கழுவிய பின்பே மற்றப் பிள்ளைகளைத் தொட வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் கிருமி கண்டால், அவரோடு ஒரே வீட்டில் வாழும் பெரியவர்களும் சோதித்துக் கொள்வது நல்லது.

இறுதியாக, கடை வைத்திருக்கும் முதலாளிமாரை நோக்கி ஒன்று சொல்ல விரும்புகிறோம். தாயகத்திலிருந்து வந்து நம் கடைகளில் வேலை பார்க்கும் சிப்பந்திகளில் பலர் இக்கிருமியோடு வந்திருக்கக்கூடும். அயல்நாட்டுத் தொழிலாளர் அரசாங்க மருத்துவமனைக்குப் போனாலும் கட்டணம் அவர்களுக்குக் கூடுதல். ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று அஞ்சி, வயிற்றைப் பிடித்துக் கொண்டு நின்றபடியே வேலை செய்கிறார்கள். "வயிற்று வலி" என்று ஒருவன் இரண்டாம் முறை சொன்னால், ஒரு மாத்திரையை நீட்டி அனுப்பாமல், அரைநாள் விடுப்புக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். உரிய நேரத்தில் செய்யும் சோதனைக்கும் இரண்டு வார மருந்துக்கும் ஆகும் செலவு, முற்றிய நோய்க்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 9 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலருக்கு வழி திறந்துவிட்டது இச்சிறு கிருமியே. அவ்வழியைத் தொடக்கத்திலேயே அடைக்க முடியும் என்று தெரிந்த காலத்தில் நாம் வாழ்கிறோம். இன்று மாலை கடையைக் கட்டுவதற்கு முன்னால் இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த மாத்திரை அட்டை எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை ஓராண்டைத் தாண்டினால், இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போக ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள்.